பல்லைக் கழற்றி வைத்துவிட்டுப் போகிறவன்

“...தோத்தா தோத்துட்டுப் போறான், அதுவா பெரிசு? அந்தக் குட்டையன் எந்திரிச்சு நின்னதும் மொத வேலையா எங்க பாத்தான், அதைக் கவனிச்சீங்களா நீங்க?” என்று கேட்டாள் செண்பகம்.

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், நியூ ஜெர்சியில் ஐஸ் ஹாக்கி மேட்ச் ஒன்று பார்த்துவிட்டு எங்கள் பழைய காரில் வீடு திரும்பிக்கொண்டிருந்தோம். செண்பகம் என் மனைவி. அவள் கேட்டதற்குப் பதில் எனக்குத் தெரியும். ஆனால் ஆறு வாரமாக அவள் என்னிடம் இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. ‘சாப்பாடு எடுத்து வச்சிருக்கு’, ‘உங்க அக்கா போன் பண்ணாங்க’, ‘ஹீட்டரைக் கூட்டுங்க’ என்று தந்தி அடிக்கிற மாதிரிதான் வீட்டில் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. இப்போது திடீரென்று ஒரு கேள்வி முழுசாக வந்து மடியில் விழுந்ததும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு இந்த விளையாட்டைப் பற்றி முதலில் சொல்லியாக வேண்டும். கோவில்பட்டிக்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, நம் ஹாக்கியின் பெயரைத்தான் இதற்கும் வைத்திருக்கிறார்கள். தரை முழுக்கப் பனிக்கட்டி. சுற்றிலும் இடுப்புக்கு மேல் உயரத்தில் பலகை, பலகைக்கு மேல் கண்ணாடி. காலில் கத்தி கட்டிக்கொண்டு மட்டையும் கையுமாகப் பறக்கிறார்கள். பந்து கிடையாது, தோசைக்கல்லில் வார்த்த சின்ன ஊத்தப்பம் மாதிரி கறுப்பாக ஒரு ரப்பர் வில்லை. அது எங்கே போகிறது என்பது முதல் அரைமணி நேரம் நம் கண்ணுக்குத் தெரியாது. வெளியே முழங்கால் அளவு பனி கொட்டிக் கிடக்க, அதற்குப் பயந்து டிக்கெட்டைக் காட்டி உள்ளே போனால் உள்ளேயும் பனி. அதையும் கோட்டைப் போர்த்திக்கொண்டு சுற்றி உட்கார்ந்து பார்க்கிறது ஜனம். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள் நம் பக்கம். இங்கே சறுக்குவதற்கென்றே மண்டபம் கட்டியிருக்கிறார்கள்.

எனக்கும் இந்த விளையாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்றால், பல். நான் பல் கட்டுகிறவன். பல் டாக்டர் இல்லை. டாக்டர் அளவெடுத்து அனுப்பும் அச்சில் பிளாஸ்டர் மாவு ஊற்றி, மெழுகில் பல் அடுக்கி, செட்டு செய்து கொடுக்கிற வேலை. பாளையங்கோட்டையில் ஒரு டாக்டரின் பின்கட்டில் பதினேழு வயதில் மாவு குழைக்கச் சேர்ந்தேன். எந்தக் காலேஜும் சொல்லித் தரவில்லை. கண் பார்த்ததைக் கை செய்தது. ‘பல்லு போனா சொல்லு போச்சு’ என்று எங்கள் டாக்டர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். இன்னாருக்கு நான் கட்டிய பல் முறுக்குக் கடித்தாலும் அசையாது என்று ஊருக்குள் பேச்சு உண்டு. அந்தப் பேச்சுதான் என் பட்டம். அக்கா ஸ்பான்சர் செய்து கிரீன் கார்டு வந்து இங்கே இறங்கி நாலு வருஷம் ஆகிறது. பின்னால் வந்த செண்பகத்துக்கு இரண்டு வருஷம். சால் என்ற இத்தாலிக்காரரின் பல் லேபில் வேலை.

க்ளென் எனக்கு அறிமுகமானது அந்த லேபில்தான். கனடாவில் கோதுமை விளைகிற ஏதோ ஒரு மூலையிலிருந்து பிழைக்க வந்தவன். அவனும் நம்மைப் போல வந்தேறிதான், நிறம் மட்டும் காட்டிக்கொடுக்காது. பெரிய லீக்குக்கு ஒரு படி கீழே, சம்பளத்துக்கு ஆடுகிற ஒரு டீமில் இருந்தான். மேல்வரிசையில் முன்பல் நாலு கிடையாது. கழற்றி மாட்டுகிற செட்டு ஒன்றுக்கு ஆர்டர் வந்தது. நான் என்ன செய்தேன்? விளையாடுகிற பிள்ளை, ஓடுகிற ஓட்டத்தில் விழுந்துவிடக் கூடாதே என்று, கம்பிக் கொக்கிகளை இரண்டு சுற்று அதிகமாக இறுக்கி, என் பாளையங்கோட்டைப் பெருமையையெல்லாம் திரட்டி ஒரு செட்டு செய்து அனுப்பினேன். சும்மா சொல்லக் கூடாது, அருமையாக வந்திருந்தது.

ஒரு வாரம் கழித்து அவனே நேரில் வந்து நின்றான். ஆறடி மூன்றங்குலம் இருப்பான். பணிவான குரல்.

“இதை யார் செய்தது?”

“நான்தான்” என்றேன், பாராட்டு வரப்போகிறது என்று.

“ரொம்ப நன்றாக இருக்கிறது. கொஞ்சம் மோசமாகச் செய்து தர முடியுமா?”

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அமெரிக்கக் கேலியோ என்று முதலாளி சாலின் பக்கம் திரும்பினேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகுதான் க்ளென் விளக்கினான். ஆட்டத்துக்கு முன்னால் எல்லாரும் பொய்ப்பல்லைக் கழற்றிக் காகிதக் கப்பில் போட்டு வைத்துவிட்டுத்தான் இறங்குவார்களாம். அவன் அதை மறந்து போட்டுக்கொண்டு இறங்கிவிட்டால், அடிதடிக்கு முன் கட்டைவிரலால் ஒரு தட்டு தட்டினால் கையோடு வந்துவிட வேண்டுமாம். போன வாரம் என் செட்டைக் கழற்ற டீம் ஆள் குறடு எடுத்து வர வேண்டியிருந்ததாம்.

“அடிதடிக்கு முன்னாலா? அப்படியென்றால் அடிதடி வரும் என்று முன்கூட்டியே தெரியுமா?”

“அதுதானே என் வேலை” என்றான் க்ளென்.

கொக்கியைத் தளர்த்திக்கொண்டே, அவனை ஸ்டூலில் உட்கார வைத்துப் பேச்சுக் கொடுத்தேன். எனக்குப் பேச்சு என்றால் சோறு வேண்டாம். அவனும் வாயைத் திறந்தான். ஒவ்வொரு டீமிலும் வேகமாக, கெட்டிக்காரத்தனமாக ஆடுகிறவர்கள் ஒன்றிரண்டு பேர் இருப்பார்கள். எதிர் டீம் அவர்களைத்தான் குறி வைத்து மோதும். தோளால் மோதலாம், பலகையோடு சேர்த்து நசுக்கலாம். பாதி விதிக்குள் வரும், பாதி வராது. அப்படி நம் ஆளை ஒருவன் கெட்ட அடியாக அடித்துவிட்டால், அடித்தவனிடம் போய்க் கேட்பதற்கு என்று ஒரு ஆள் டீமில் உண்டு. கேட்பது என்றால் வாயால் இல்லை. கையுறையை உதறிப் போட்டுவிட்டு முஷ்டியால். ரெஃப்ரி உடனே பிரிக்க மாட்டார். ஒருவன் விழுகிற வரைக்கும், அல்லது இரண்டு பேரும் களைக்கிற வரைக்கும் தள்ளி நின்று பார்ப்பார். அப்புறம் இரண்டு பேருக்கும் ஐந்தைந்து நிமிடம். தனித்தனியாக ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் போய் உட்கார வேண்டும். ஐந்து நிமிடம் முடிந்தால் கதவைத் திறந்துவிடுவார்கள், கணக்கு முடிந்தது.

“அந்த ஆள்மேல் உனக்குக் கோபம் வருமா?”

“இல்லை. அவனும் என்னைப் போலத்தான். கோடைக்காலத்தில் சேர்ந்து மீன் பிடிக்கப் போகிற ஆட்கள்கூட இருக்கிறார்கள்.” வலது கையை மேஜைமேல் வைத்தான். விரல் முட்டிகள் இடம் மாறிக் கிடந்தன. முழுசாக மூட வரவில்லை. “ஆட்டத்தன்று மத்தியானம் எனக்குச் சாப்பாடு இறங்காது. அது பத்து வருஷமாக அப்படித்தான்.”

எனக்குத் தாங்கவில்லை. எங்கள் ஊரில் ஒரு சொல் உண்டு, துஷ்டனைக் கண்டால் தூர விலகு என்று, அதையே உனக்கும் சொல்கிறேன் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் பெயர்த்துச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. சாப்பாட்டை மெல்லுகிற மாதிரி அதைக் கொஞ்ச நேரம் வைத்திருந்தான்.

“நல்ல சொல்தான். விலகிப் போக இடம் இருந்தால் சரி. எங்களுக்கு நாலு பக்கமும் பலகை அடித்திருக்கிறார்களே.”

அந்தச் சொல் எனக்கு எங்கிருந்து வந்தது என்று அவனுக்குத் தெரியாது. எங்கள் அண்ணனை ஒருநாள் சினிமாக் கொட்டகை வரிசையில் ஒருவன் கன்னத்தில் அறைந்தான். அண்ணன் சைக்கிள் செயினைக் கழற்றித் திருப்பி அடித்தான். அடுத்த வெள்ளிக்கிழமை அவர்கள் நாலு பேராக வந்தார்கள். அதற்கடுத்த மாதம் இவர்கள் ஏழு பேராகப் போனார்கள். கடைசியில் அண்ணனுக்கு இடது கையில் இரண்டு விரல் போனது, கோர்ட்டில் ஒன்பது வருஷம் வாய்தா, அந்த வழக்கைச் சொல்லியே அக்காவுக்கு வந்த மூன்று சம்பந்தம் திரும்பிப் போனது. அவனை அறைந்தவன் யாரென்று கேட்டால் இன்றைக்கு அண்ணனுக்கே முகம் ஞாபகமில்லை. அப்போது அப்பா என்னைக் கூப்பிட்டு நிறுத்திச் சொன்னார்: “எவன் அடிச்சாலும் ஒரு கும்பிடு போட்டுட்டு வீடு வந்து சேருலே.” ஐந்து நிமிடப் பெட்டி ஒன்று எங்கள் தெருவில் இருந்திருந்தால் அப்பா அப்படிச் சொல்லியிருக்க மாட்டாரோ என்னவோ. அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்று சொல்லி வைத்ததும் இதே ஜனம்தான், தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்று சொல்லி வைத்ததும் இதே ஜனம்தான். எது எந்த நேரத்துக்கு என்று மட்டும் யாரும் சொல்லி வைக்கவில்லை. நான் கும்பிடைப் பிடித்துக்கொண்டேன்.

அந்தக் கும்பிடுதான் ஆறு வாரத்துக்கு முன்னால் என் குடியைக் கெடுத்தது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம். எங்கள் வீட்டுப் பக்கத்து சூப்பர்மார்க்கெட்டில் நிற்க இடமில்லாத கூட்டம். பால் வைத்திருக்கிற அலமாரி முன்னால் செண்பகம் தேதி பார்த்து ஒரு டப்பாவை எடுத்துக்கொண்டிருந்தாள். சேலை, மேலே கோட்டு, காலில் சாக்ஸும் செருப்பும். பின்னால் தள்ளுவண்டியோடு ஒரு ஆள். முதலில் லேசாக ஒரு இடி. கூட்டம், தெரியாமல் பட்டிருக்கும் என்று அவள் நகர்ந்து நின்றாள். இரண்டாவது இடி தெரியாமல் பட்டதில்லை. வண்டியின் கீழ்க் கம்பி அவள் குதிகாலில் ஏறி, சாக்ஸில் ரத்தம் கசிந்தது. “இது உங்கள் ஊர் இல்லை, சீக்கிரம் நகரு” என்றான் அவன். கூட ஒரு சொல்லும் சொன்னான். சொற்களைச் சேர்த்து வைக்கிறவன்தான் நான், அதை மட்டும் சேர்த்து வைக்க மாட்டேன்.

செண்பகம் திரும்பினாள். அவனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். அந்த நேரத்தில் நான் அவனைப் பார்த்து “சாரி” சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. சொல்லிக்கொண்டே எங்கள் வண்டியை ஓரமாக இழுத்து அவனுக்கு வழி விட்டேன்.

வீட்டுக்கு வந்து குதிகாலை டெட்டால் போட்டுக் கழுவினாள். நான் பஞ்சு எடுத்துக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டாள். பிறகு நிமிராமலே சொன்னாள்.

“ஜூன்ல ஸ்கூல் திறக்காங்க. எங்க பெரிய டீச்சர் என் எடம் இன்னும் காலியாத்தான் இருக்குன்னு லெட்டர் போட்டிருக்காங்க. மே மாசத்துக்கு டிக்கெட் போட்டிருங்க.”

“ஒண்ணா, ரெண்டா?” என்று கேட்டேன்.

“ஒண்ணு.”

அவ்வளவுதான். அதற்கப்புறம் தந்தி பாஷை. அந்த சூப்பர்மார்க்கெட் பக்கமே நாங்கள் போகவில்லை. இருபது நிமிடம் ஓட்டிப் போய் வேறொரு கடையில் பால் வாங்கினோம். நான் டிக்கெட்டும் போடவில்லை, போடமாட்டேன் என்றும் சொல்லவில்லை. லேபில் மெழுகை உருக்கிவிட்டு மறந்து நிற்பேன். வீட்டில் ஒரு நாற்காலியில் பத்து நிமிடம் உட்கார முடியாது. ஜன்னலைப் பார்ப்பேன், கிச்சனைப் பார்ப்பேன், காலண்டரை மட்டும் பார்க்க மாட்டேன். அந்தத் தள்ளுவண்டிக்காரன் முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டிய வாக்கியங்களை இங்கிலீஷில் தயார் செய்து பாத்ரூமில் சொல்லிப் பார்ப்பேன். அங்கே இலக்கணப் பிழையில்லாமல் வரும்.

இந்த நிலைமையில்தான் க்ளென், மோசமாகச் செய்து கொடுத்த செட்டுக்கு நன்றி சொல்லி, இரண்டு டிக்கெட் நீட்டினான். செண்பகம் வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். “என்ன வெளாட்டு?” என்று கேட்டாள். சொன்னேன். கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். மறந்துவிட்டேனே, அவள் பாளையங்கோட்டைப் பெண்கள் பள்ளியில் கேம்ஸ் டீச்சர். பூப்பந்தில் இவள் தயார் செய்த பிள்ளைகள் ஜில்லா வரைக்கும் போயிருக்கிறார்கள். கழுத்தில் விசில் இல்லாமல் இரண்டு வருஷமாக ஒரு அபார்ட்மென்டில் உட்கார்ந்திருக்கிறவள்.

எனக்கு வில்லை கண்ணுக்குப் படுவதற்குள் அவளுக்கு ஆட்டமே பிடிபட்டுவிட்டது. நீலக் கோடு எதற்கு, சிவப்புக் கோடு எதற்கு, ஏன் நிறுத்துகிறார்கள் எல்லாம் பார்த்தே கண்டுபிடித்தாள். க்ளென் பெரும்பாலும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். எங்கள் டீமில் குட்டையாக ஒரு பையன், அவன் காலில் கட்டியிருந்தது கத்தியா சிறகா என்று தெரியவில்லை. “இந்தக் குட்டையன்தான் இவங்க மூச்சு” என்றாள் செண்பகம், எனக்கா தனக்கா என்று தெரியாமல். பக்கத்து சீட்டில் டீம் சட்டை போட்ட ஒரு வெள்ளைக்காரம்மா, வயது அறுபதுக்கு மேல் இருக்கும், தன் கம்பளியில் பாதியை இவள் மடியில் இழுத்துப் போட்டுவிட்டு, “அவனைக் கொல்லுங்கடா” என்கிற அர்த்தத்தில் கத்திக்கொண்டிருந்தார். அதே வாயால் எங்களுக்குப் பாப்கார்னும் நீட்டினார். “உங்கள் நாட்டில் இந்த விளையாட்டு உண்டா?” என்று கேட்டார். பனி கிடையாது என்றேன். அவர் என் தோளைத் தட்டி, “பாவம்” என்றார்.

இரண்டாவது பகுதியில் நடந்தது. குட்டையன் தலையைக் குனிந்து வில்லையைக் காலடியில் சரிசெய்துகொண்டு வருகிறான். பக்கவாட்டிலிருந்து ஒரு தடியன் வேகத்தைக் குறைக்காமல் வந்து தோளால் அவன் தாடையில் மோதினான். குட்டையன் மல்லாக்க விழுந்து, மட்டை ஒரு பக்கம் போய், ஒரு கை மட்டும் பனியைத் தடவிக்கொண்டிருந்தது. செண்பகத்தின் கால் அந்தக் கம்பளிக்குள் உள்வாங்கியதை நான் பார்த்தேன்.

பெஞ்சின் பலகையைத் தாண்டி க்ளென் இறங்கினான். ஓடவில்லை, அவசரமில்லாமல் சறுக்கிக்கொண்டு போய் அந்தத் தடியன் முன்னால் நின்றான். இரண்டு பேரும் கையுறையை உதறினார்கள். ரெஃப்ரி தள்ளி நின்றார். “விசில் கையில இருக்கு, என்னத்துக்கு ஊதாம நிக்காரு இந்த மனுஷன்?” என்றாள் கேம்ஸ் டீச்சர். நான் க்ளென்னின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மூட வராத அந்த வலது கை. இவன் ஒன்று கொடுத்தான். அவன் மூன்று கொடுத்தான். மூன்றாவதில் க்ளென்னின் முழங்கால் மடிந்தது. அப்புறம்தான் பிரித்துவிட்டார்கள். தோற்றது க்ளென், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அவன் வாயைத் துடைத்துக்கொண்டு பெட்டியை நோக்கிப் போகும்போது மண்டபமே எழுந்து நின்றது. அவன் டீம் ஆட்கள் மட்டைகளால் பலகையைத் தட்டினார்கள். பறை மாதிரி கேட்டது. எதிர்ப் பெட்டியில் உட்கார்ந்த தடியன் தன் மோவாயைத் தொட்டுக் காட்டிப் புருவத்தை உயர்த்தினான், பரவாயில்லையா என்று. க்ளென் தலையசைத்தான். அதற்குள் டீம் டாக்டர் குட்டையனைக் கைத்தாங்கலாக எழுப்பி நிறுத்தியிருந்தார்.

எனக்கு இதில் எது சரியென்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. அவன் தாடையை உடைக்க வைத்து டிக்கெட் விற்கிறார்கள் என்பதும் உண்மை. அவன் போகாவிட்டால் அந்தப் பிள்ளையை அடுத்த ஆட்டத்தில் இன்னொருவன் இடிப்பான் என்பதும் உண்மை. போனாலும் இடிப்பான் என்பதை நான் அண்ணன் விஷயத்தில் பார்த்திருக்கிறேன். உட்கார்ந்திருந்த இடத்தில் என் கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.

காரில் செண்பகம் கேட்டது, எழுந்து நின்ற குட்டையன் எங்கே பார்த்தான் என்பதைத்தான். அவளுக்குப் பதில் வேண்டும் என்று தெரிந்தது. சிக்னலில் நிறுத்தி, முன்னால் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

“க்ளென் இருந்த பெட்டியைப் பாத்தான்.”

“ஆமா. வலிக்குதான்னு டாக்டர் கேக்காரு, அது அவன் காதுல விழல. யாரு போனான்னு பாக்கான்.” கொஞ்சம் நிறுத்தினாள். “அன்னைக்குக் கடையில நீங்க அவனை அடிக்கணும்னு நான் ஒருநாளும் நெனைக்கல. உங்களால முடியாதுன்னு எனக்குத் தெரியாதா? உங்க அண்ணன் கதையும் எனக்குத் தெரியும். நான் திரும்பிப் பாக்கும்போது நீங்க எம்பக்கம் நின்னுருக்கலாம். அவன்கிட்ட சாரி சொன்னீங்க. எங்கிட்ட சொல்லல.”

பச்சை விழுந்து பின்னால் ஹாரன் அடித்தார்கள். அந்த ஹாரன்காரனுக்கும் கையை உயர்த்தி சாரி காட்டத்தான் என் கை போனது. பாதியில் இறக்கிக்கொண்டேன்.

“எம்மேலதான் தப்பு, செண்பகம்” என்றேன். பாத்ரூமில் தயார் செய்த வாக்கியம் எதுவும் உதவவில்லை.

இரண்டு தெரு தாண்டியதும், “பால் தீந்து போச்சு. அந்தக் கடைக்கே விடுங்க” என்றாள்.

“அந்தக் கடைக்கா? அவன் இருந்தான்னா?”

“அவனைப் பாக்க யாரு போறா? பால் வாங்கத்தானே போறோம்.”

கடை வாசலில் நிறுத்த இடம் கிடைத்தது. மே மாசத்து டிக்கெட்டைப் பற்றி அவள் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. நான் எஞ்சினை அணைப்பதற்குள் அவள் இறங்கிவிட்டாள். கோட்டுக்குக் கீழே சேலைக் கரையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, உப்புப் போட்டுக் கரைத்திருந்த பனியில் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து நடந்தாள். நான் இன்னும் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தேன். இந்த ஊர்க் கடைகளில் வாசலில் ரப்பர் மிதியடி ஒன்று இருக்கும், அதன்மேல் கால் பட்டால் கண்ணாடிக் கதவு தானாகத் திறக்கும், எடுத்தால் மூடிக்கொள்ளும். செண்பகம் வலது காலை அதன்மேல் வைத்தாள். கதவு திறந்தது. அவள் உள்ளே போகவில்லை. இடது காலைப் பனியிலேயே ஊன்றிக்கொண்டு, உள்ளிருந்து வருகிறவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போக, கதவை மூட விடாமல், நான் காரிலிருந்து இறங்கி வருகிறேனா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.